கம்பெனிக்கு வாசித்த ஓலை

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வருகிற பணம் எந்த வழியாக வரவேண்டும் என்று தீர்மானிக்க மலையடிச் சபை ஓர் உபகமிட்டி போட்ட அன்று, கிருபாகரன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சபை கொடுத்த பன்னை சபை கொடுத்த டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார்கள். அந்த ஒருமனதுக்குள் தன் மனதும் அடக்கம் என்பது அவருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வாயில் பன் இருக்கிறவர்களையெல்லாம் ஆமோதித்தவர்களாக எழுதிக்கொள்வது அந்தச் சபையின் நெடுநாள் வழக்கம்.

பசுமலைக்குப் பின்புறம் இருக்கிற அந்தக் கிறிஸ்தவ சபையில் எதற்கும் உபகமிட்டி உண்டு. கோயில் மணியின் கயிறு அறுந்தபோது போட்ட உபகமிட்டி இன்றைக்கும் கூடிப் பிரிந்துகொண்டிருக்கிறது. கயிறு என்னவோ மறுநாளே கிருபாகரன் வீட்டுக் கொடிக்கயிற்றால் மாற்றப்பட்டுவிட்டது. விஷயம் உபகமிட்டிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள் என்று மணியடிக்கிறவர் கேட்டுக்கொண்டதால் கிருபாகரன் அதை வெளியே சொல்வதில்லை.

கிருபாகரன் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் எதிர்த்துப் பேசி அறியாதவர். மகன் ஜெய்சன் தோஹாவில் கட்டடங்களுக்கு ஏசி மாட்டுகிறான். ஊருக்கெல்லாம் குளிரை மாட்டிவிட்டு அவன் வெயிலில் நிற்கிறான். மாதம் பிறந்தால் தன் போனில் எதையோ தட்டுவான், இங்கே காளவாசலில் அழகுபாண்டி கடையில் கிருபாகரன் வாங்கிய டீ ஆறுவதற்குள் பணம் வந்துவிடும். கமிஷன் ஒரு வடைக்காசு. இதில் ஏதோ குறை இருப்பதாக அப்பனுக்கும் மகனுக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

குறையைக் கண்டுபிடித்தவர் சபைச் செயலாளர் ஞானாபரணம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் நாலு நிறத்தில் பேனா. பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். அவர் ஜெபிக்கிறாரா தீர்மானம் போடுகிறாரா என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் எல்லாரும் முன்னெச்சரிக்கையாகத் தலையைக் குனிந்துகொள்வார்கள். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"நம்ம பிள்ளைக கடல் கடந்து பாடுபட்டுப் பணம் அனுப்புறாக. சந்தோஷம். ஆனா யாருக்கு எம்புட்டு வருதுன்னு சபைக்குத் தெரியுதா? தெரியல. சத்தமில்லாம வருது, சத்தமில்லாமப் போகுது. ஒரு நிமிஷத்துல வந்து விழுற பணத்துக்கு என்ன மரியாதை இருக்கு? நாலு பேரு பாக்கணும், ஜெபிக்கணும், ஒரு கவர்ல போட்டு ஆயர் கையால குடுக்கணும். அப்பத்தான் அது ஆசீர்வாதம். இல்லாட்டி அது வெறும் பணம்."

வெறும் பணம்தான் வேண்டும் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

உபகமிட்டி மூன்று கம்பெனிகளை வரவழைத்து விசாரித்தது. முதலில் ஒரு பெண் வந்தாள், பவதாரிணி என்று பெயர். போனைக் காட்டி, இப்படித் தட்டினால் இப்படி வரும், செலவு இவ்வளவுதான் என்று மளமளவென்று சொல்லி முடித்தாள். ஞானாபரணம் கண்ணைத் திறந்து, நடுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நடுவில் யாரும் இல்லை சார், அனுப்புகிறவர் அந்தப் பக்கம், வாங்குகிறவர் இந்தப் பக்கம் என்றாள் அவள், அதுதான் தங்கள் கம்பெனியின் பெருமை என்கிற முகத்தோடு. நடுவில் ஒருத்தருமே இல்லாத காரியத்தை எப்படியம்மா நம்புவது என்று செயலாளர் கேட்டார். உபகமிட்டி முழுவதும் அந்தக் கேள்வியின் ஆழத்தை வியந்தது. அவளுக்கு டீ கூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள்.

அடுத்து ஒரு வங்கி மேலாளர் வந்தார். அவரிடம் சபை மண்டபத்துக்கு மின்விசிறி கேட்டார்கள். அவர் காலண்டர் தருகிறேன் என்றார். அவர் சேவையில் ஆவிக்குரிய தன்மை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாவதாக வந்தது கானான் எக்ஸ்பிரஸ். காளவாசலில் பேக்கரி மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சாய்வு நாற்காலி. உரிமையாளர் பெயர் ஜோ. ஜோ, ஞானாபரணத்தின் மூத்த மகளைக் கட்டியவன். சொந்தக்காரன் பேசும்போது தான் அறையில் இருப்பது நியாயமில்லை என்று சொல்லிச் செயலாளர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த நேர்மையைப் பற்றி உபகமிட்டி உருகிக்கொண்டிருந்தபோது, வெளியே போனவர் வாசலில் நின்று பிரியாணிப் பொட்டலங்களை எண்ணி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். வேதாகமத்தில் இஸ்ரவேலர் செங்கடலும் வனாந்தரமும் தாண்டிக் கானானுக்குப் போய்ச் சேர நாற்பது வருஷம் ஆனது. எக்ஸ்பிரஸ் அதைவிட வேகமாகத்தான் இருக்கும் என்று எலும்பைக் கடித்தபடி முடிவுசெய்தார்கள்.

இதெல்லாம் யாரோ வீட்டுக் கதை என்று கிருபாகரன் இருந்திருப்பார். ஆனால் மகள் ஜெஸிக்குக் கலியாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை டி. கல்லுப்பட்டியில் வாத்தியார், நல்ல இடம். கோயிலில் கலியாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் ஆராதனையில் வாசிப்பார். மூன்று வாரம் யாரும் வாய் திறக்காவிட்டால் தாலி கட்டலாம். சாம்பல் புதன் வந்து லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கலியாணம் கிடையாது. ஜெய்சனுக்குக் கிடைத்த லீவு சாம்பல் புதனுக்கு முந்தியே தீர்ந்துவிடும். தங்கச்சி கலியாணத்துக்கு அண்ணன் இல்லாவிட்டால் தான் அந்த மேடையிலேயே நிற்கப்போவதில்லை என்று ஜெஸி சொல்லிவிட்டாள். அவள் சிறுபிள்ளையிலிருந்து பாடகர் குழுவில் நின்று பாடிய கோயில் அது. கலியாணமும் அங்கேதான் என்பதில் அவளைவிட அவள் அம்மா ஆனிமேரி பிடிவாதமாக இருந்தாள்.

ஓலைக்கு எழுதிக்கொடுக்கப் போனபோது ஞானாபரணம் கண்ணை மூடிக்கொண்டார். சபை ஒழுங்குக்கு உட்பட்ட குடும்பங்களுக்குத்தான் ஓலை என்றார். ஒழுங்கு என்றால் என்ன என்று கிருபாகரன் கேட்டார். கானான் என்றார்.

வேறு வழி தெரியாமல் கிருபாகரன் மகனுக்குப் போன் போட்டார். கலியாணச் செலவுக்கென்று சேர்த்து வைத்திருந்ததை ஜெய்சன் கானான் வழியாக அனுப்ப ஒத்துக்கொண்டான். முதலில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தான். திடப்படுத்தல் சான்றிதழ் கேட்டார்கள், அதையும் கொடுத்தான். தோஹாவில் தவறாமல் ஆராதனைக்குப் போகிறான் என்று அங்குள்ள ஆயரிடம் கடிதம் கேட்டார்கள். ஆராதனை நடக்கிற நேரத்தில் அவன் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் ஏசியோடு தொங்கிக்கொண்டிருப்பான். எப்படியோ அதையும் வாங்கினான். பணம் புறப்பட்டது.

புறப்பட்டதுதான். வந்து சேரவில்லை. கிருபாகரன் பேக்கரி மாடி ஏறி விசாரித்தார். ஜோ கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். வாடிக்கையாளர்களுக்குப் புரியும்படி வேதாகம முறையில் அமைத்திருப்பதாக அதில் அவனுக்கு ஒரு பெருமை.

"செங்கடலைத் தாண்டிருச்சு அங்கிள். இப்ப வனாந்தரத்துல இருக்கு. அடுத்து யோர்தான் ஆறு, அவ்வளவுதான். விசுவாசமா இருங்க."

வனாந்தரத்தில் எம்புட்டு நாள் இருக்கும் என்று கிருபாகரன் கேட்டார். அது ஜனங்களின் முறுமுறுப்பைப் பொறுத்தது என்றான் ஜோ. கேட்கக் கேட்கத் தாமதமாகும் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று படியிறங்கும்போது புரிந்தது.

கீழே பேக்கரிக்குப் பக்கத்து டீக்கடையில் அழகுபாண்டி காதில் எல்லாம் விழுந்திருந்தது. பக்கத்து ஊர் விவசாயக் குடும்பத்துக்காரர், கிருபாகரனுக்குப் பல வருஷப் பழக்கம். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். "எம்மகன் அனுப்புறான், வருதுண்ணே. நீங்க ஏண்ணே காசைக் கொண்டுபோய் மாடியில அடைகாக்க வச்சீக?" என்றார். ஓலைக்காக என்று சொல்லலாம். சொன்னால் தன் கோயிலைத் தானே கேவலப்படுத்துவது போலிருக்கும். டீயைக் குடித்துவிட்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜெஸியின் ஓலையை வாசிக்கப்போகிறார்கள் என்று ஆனிமேரி புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளை எடுத்தார்.

"மலையடிச் சபைக்கும், காளவாசலிலிருக்கும் கானான் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்கும், பரிசுத்த உடன்படிக்கை நிறைவேறப்போகிறது. இவ்விருவரும் இணைக்கப்படாதபடி நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால் அறிவிக்கக்கடவர்கள். இது முதலாம் ஓலை."

சபை சட்டப்படி, நிரந்தரமான உடன்படிக்கை எதையும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டுமாம். கம்பெனியோடு உடன்படிக்கை செய்ததற்கு வாசகம் எதுவும் முன்மாதிரியாக இல்லை. ஆகவே கலியாண ஓலையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிட்டார் ஞானாபரணம். மாப்பிள்ளை யார், பெண் யார் என்பதை மட்டும் தெளிவாக எழுதவில்லை. ஜனங்கள் ஆமென் என்றார்கள். வாசித்தது என்னவென்று பாதிப்பேருக்குத் தெரியாது. நிறுத்தம் வந்தால் ஆமென் என்பது அவர்களுக்குக் கைவந்த கலை.

ஆராதனை முடிந்ததும் கிருபாகரன் ஓடிப்போய்க் கேட்டார். ஒரு நேரத்தில் ஓர் ஓலைதான் என்றார் செயலாளர். கம்பெனியின் ஓலை மூன்று வாரம் முடிந்த பிறகு ஜெஸியின் ஓலை. அப்படியென்றால் லெந்து வந்துவிடுமே என்றார் கிருபாகரன். லெந்து மனந்திரும்புதலின் காலம், அவசரப்படுகிறவர்கள் மனந்திரும்ப அதைவிட நல்ல காலம் ஏது என்றார் ஞானாபரணம், கண்ணை மூடிக்கொண்டு.

ஆயரிடமும் போனார். ஆயர் நல்ல மனிதர், அடுத்த கோயில் ஆராதனைக்குப் போக ஒரு காலை ஸ்கூட்டரில் வைத்திருந்தார். "நான் வாசிக்கிறவன்தான் கிருபாகரன். கையில எதைக் குடுக்கிறாங்களோ அதை வாசிக்கிறேன். இதுல என் அபிப்பிராயம்னு ஒண்ணு இருந்தா எனக்கு எப்பவோ மாற்றல் வந்திருக்கும்" என்றார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

வீட்டில் ஆனிமேரி புடவையை மடித்துக்கூட வைக்காமல் கட்டிலில் போட்டிருந்தாள். ஜெஸி சாப்பிடவில்லை. தோஹாவிலிருந்து ஜெய்சன் கூப்பிட்டு, பணம் வந்துருச்சாப்பா என்றான். வனாந்தரத்தில் இருக்கிறது என்று மகனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. வந்துக்கிட்டே இருக்குப்பா என்றார். அவன் சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டான். கிருபாகரனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கம்பெனிக்காரர்கள் ஒரு போட்டோக்காரனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஜோ மாப்பிள்ளைபோலக் கோட்டு போட்டிருந்தான். ஆயர் இரண்டாம் ஓலையை வாசித்தார். நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால், என்று அவர் நிறுத்தியபோது கடைசி வரிசையில் கிருபாகரன் எழுந்தார். கை தானாக உயர்ந்தது. எத்தனையோ வருஷம் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் எழுந்து நின்ற உடம்பு, முதல்தடவையாக மணி அடிக்காமலே எழுந்திருந்தது.

"தடை இருக்குங்கய்யா. கம்பெனி ஜோவோடது. சபையை நடத்துறது ஜோவுக்கு மாமனார். ரெண்டும் ஒரே வீடு. நெருங்கின உறவுக்குள்ள கலியாணம் கூடாதுன்னு நம்ம முறைமையிலேயே இருக்கு. நாளைக்கு இது என்னத்தப் பெத்துப்போடும்னு யோசிங்க. நம்ம பிள்ளைக வெயில்ல காய்ஞ்சு அனுப்புற காசு. இந்த ஓலை செல்லாது."

ஆனிமேரி திரும்பிப் பார்த்தாள். கட்டிய நாளிலிருந்து புருஷனை அவள் அப்படிப் பார்த்ததில்லை. கிருபாகரன் மூச்சுவாங்க நின்றார். பேச்சில் நிறுத்தம் வந்ததல்லவா, சபை முழுவதும் ஒரே குரலில், ஆமென் என்றது.

ஒரு கணம், ஒரே கணம், ஊரே தன் பக்கம் நிற்பதாக அவர் நம்பினார். போட்டோக்காரன் பளிச்சென்று ஒரு படம் எடுத்தான். ஞானாபரணம் கண்ணைத் திறக்கவேயில்லை. ஆயர், ஸ்தோத்திரம் என்று சொல்லி அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். எல்லாரும் பாட எழுந்து நின்றதில், எழுந்து நின்ற கிருபாகரன் கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போனார்.

மூன்றாம் ஞாயிறு, கடந்த வார நடவடிக்கைகளை வாசித்தார்கள். சகோதரர் கிருபாகரன் எழுந்து கானான் நிறுவனத்துக்கும் சபைக்கும் உள்ள நெருங்கிய உறவை எடுத்துரைத்தார், சபையார் ஆமென் என்று ஏற்றுக்கொண்டார்கள், ஒருமனதாக நிறைவேறியது. அதைக் கேட்டும் இந்தமுறை கிருபாகரன் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அதையும் வழிமொழிந்ததாக எழுதிவிடுவார்கள்.

ஜெஸியின் கலியாணம் சாம்பல் புதனுக்கு முந்தியே டி. கல்லுப்பட்டியில் மாப்பிள்ளை வீட்டுச் சின்னக் கோயிலில் நடந்தது. அங்குள்ள ஆயர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஓலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஜெய்சன் வந்திருந்தான். கானான் பணம் வரவில்லை என்று தெரிந்ததும் அவன் புறப்படுமுன் ஒரு நண்பனிடம் கைமாற்று வாங்கிப் போனில் தட்டிய பணம், அழகுபாண்டி கடையில் டீ ஆறுவதற்குள் வந்தது. பாடகர் குழு வரவில்லை, செயலாளர் விடவில்லை. தன் கலியாணப் பாட்டை ஜெஸியே பாடினாள். ஆனிமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் பெருக்கித் துடைத்த கோயில் என் பிள்ளைக்கு இல்லாமல் போய்விட்டதே என்று அன்று ராத்திரி ஒரே ஒருமுறை சொன்னாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

லெந்து பாதி கழிந்தபோது கானான் பணம் யோர்தானைக் கடந்தது. 'பணவரவு ஸ்தோத்திர ஞாயிறு' என்று ஒன்று ஏற்படுத்தியிருந்தார்கள். அதிகம் வந்தவர்கள் முன்வரிசையிலும் கொஞ்சம் வந்தவர்கள் பின்வரிசையிலும் உட்கார வேண்டும். ஒன்றும் வராதவர்கள் வெளியே பந்தலில் நின்று மற்றவர்களுக்காகக் களிகூரலாம். கிருபாகரனுக்கு முன்வரிசை. போக மனமில்லை, ஆனால் போகாவிட்டால் கிடைக்காது. மகன் வேர்வை என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய் ஆயர் கையால் கவரை வாங்கினார். வீட்டில் பிரித்தால் தசமபாகம், ஜெபக் கட்டணம், யோர்தான் கடக்கும் செலவு, உடன்படிக்கை விருந்துப் பங்கு எல்லாம் பிடித்ததுபோக, அனுப்பிய பணத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் காளவாசல் பக்கம் போனார். பேக்கரி மாடியிலிருந்து தரைவரைக்கும் தொங்கியது ஒரு ஃபிளெக்ஸ் பேனர். கோயில் கடைசி வரிசையில் ஒரு மனுஷன் எழுந்து நிற்கிறான், கை உயர்ந்திருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, கண்ணில் தண்ணீர். யார் பார்த்தாலும் பரவசத்தில் நிற்கிற பக்தன் என்றுதான் சொல்வார்கள். கீழே பெரிய எழுத்தில்: 'கானானுக்கும் நமக்கும் நெருங்கின உறவு. சாட்சி சொல்கிறார் கிருபாகரன், முதல் பயனாளி.'

கீழே நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவருக்கு மகன் துபாயில் இருக்கிறானாம், இதில் சேரலாமா என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர் படத்தைக் காட்டி, ரிட்டயர்ட் ஆன படிச்ச மனுஷன், அவரே சொல்றாரு பாருங்க என்றார்.

கிருபாகரனுக்கு வாயில் எச்சில் திரண்டது. வாழ்நாளில் ரோட்டில் துப்பாத மனுஷன், காறித் துப்பிவிடுவது என்று பேனருக்கு நேராகப் போய் நின்றார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஞானாபரணம் அதில் இல்லை. ஜோவும் இல்லை. அவர்களெல்லாம் இப்படி முகத்தைக் காட்டுகிறவர்கள் இல்லை. ஒரு மூலை விடாமல் அவருடைய மூஞ்சியே நிறைந்திருந்தது. எங்கே துப்பினாலும் அதன்மேல்தான் விழும்.

திரண்டதை விழுங்கினார்.

அழகுபாண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். டீயை ஆற்றி ஒரு கிளாஸில் ஊற்றி, கூடவே ஒரு பன்னையும் எடுத்து நீட்டினார். கிருபாகரன் டீயை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"பன்னு வேணாம்ப்பா" என்றார். "அதுலதான் ஆரம்பிச்சுச்சு."